ரேஸிங் கேம்களில் பழைய டிராக் திரும்பி வந்தாலும் ஏன் பழையபடி இருப்பதில்லை?

புதிய ரேஸிங் கேம் ஒன்றின் டிராக் பட்டியல் வெளியாகும்போது, அதில் நாலைந்து பழைய பெயர்களாவது இருக்கும். கேம் கைக்கு வந்த முதல் வாரத்தில் இரண்டு புகார்கள் கிளம்பும். "பழையதையே தூசி தட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இதற்குப் போய்ப் பணமா?" என்பது ஒன்று. "பெயர்தான் பழசு, டிராக்கைக் கெடுத்துவிட்டார்கள்" என்பது இன்னொன்று. பல நேரங்களில் இரண்டும் ஒரே டிராக்கைப் பற்றியே வரும்.

குழப்பத்துக்குக் காரணம், டிராக் என்றால் தரையில் போட்ட பாதை மட்டும்தான் என்று நினைப்பது. வண்டியின் வேகம், அது வளையும் விதம், கூட ஓட்டுபவர்களின் எண்ணிக்கை, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் நம் நினைவில் ஒரு டிராக்காகப் பதிகிறது. இவை மாறிய பிறகு பாதையை மட்டும் அங்குலம் பிசகாமல் நகலெடுத்தால் கிடைப்பது வேறொரு டிராக். பழைய அனுபவத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் பாதையில் கை வைத்தே ஆக வேண்டும். எவ்வளவு கை வைப்பது என்பதில்தான் சண்டை.

மூன்று வேலை, மூன்று பெயர்

போர்ட் என்பது பழைய டிராக்கை ஏறக்குறைய அப்படியே புதிய விளையாட்டுக் கருவியில் ஓட வைப்பது. ரீமாஸ்டர் என்றால் பாதையின் வடிவம் அதேதான். படங்கள், ஒளி, நிழல் ஆகியவை தெளிவாகும். ரீமேக் என்றால் பழையதைப் பார்த்துப் புதிதாகக் கட்டுவது. அறிவிப்புகளில் இந்த மூன்றுக்கும் "திரும்ப வருகிறது" என்ற ஒரே வார்த்தைதான். எதிர்பார்ப்பு தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

பழைய டிராக்கின் கணினிக் கோப்பைத் திறந்து, நகலெடுத்து ஒட்ட முடியாதா?

முடியாது. ஒரு டிராக்குக்குள் இருப்பவை இவை:

1. கண்ணுக்குத் தெரியும் வடிவம்: சாலை, சுவர், மரம், மலை.
2. மோதல் வடிவம்: சக்கரமும் சுவரும் உண்மையில் எங்கே தொடுகின்றன என்று கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வடிவம். பார்க்கக் கரடுமுரடான பாறைச் சுவராக இருப்பது இதில் வழவழப்பான ஒரு பலகையாக இருக்கலாம்.
3. சோதனைப் புள்ளிகள்: சுற்றை நேர்மையாக முடித்தீர்களா என்று கேம் இவற்றை வைத்துத்தான் முடிவு செய்யும்.
4. கணினி ஓட்டுநர்களுக்கான வழித்தடம், கீழே விழுந்தால் மீண்டும் தூக்கி வைக்கும் இடங்கள், ஓடும்போது பொருட்களை எடுத்துக்கொள்ளும் பெட்டிகள், கேமரா குறிப்புகள்.
5. ஒளி, ஒலி, பின்னணி.

இவை எல்லாமே பழைய கேமின் எஞ்சினுக்கு, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, புரியும் மொழியில் எழுதப்பட்டவை. புதிய எஞ்சினில் அளவுகோலே வேறாக இருக்கும். வடிவத்தை எடுத்து வந்தாலும் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வேலைகளைப் பெரும்பாலும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். சில பழைய டிராக்குகளில் எடுத்து வருவதற்கு வடிவம் என்ற ஒன்றே கிடையாது.

1992-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் சூப்பர் நின்டெண்டோ கருவிக்கு வந்த சூப்பர் மரியோ கார்ட் அப்படிப்பட்டது. அதன் டிராக்குகள் மோட் 7 என்ற வசதியால் இயங்கின. 1024-க்கு 1024 புள்ளிகள் கொண்ட ஒரு தட்டையான படம். அதைச் சுழற்றி, தூரத்தில் இருப்பது சிறிதாகவும் அருகில் இருப்பது பெரிதாகவும் தெரியும்படி ஒவ்வொரு வரியாக நீட்டிச் சுருக்கிக் காட்டினார்கள். ஆழம் இருப்பதுபோல் தெரியும், ஆனால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. டிராக் என்பதே ஒரு கோலம் மாதிரி தரையில் வரைந்த படம்தான். அதை இன்றைய முப்பரிமாண எஞ்சினில் கொண்டுவர வேண்டுமானால், எங்கே மேடு, எங்கே சரிவு, சுவருக்கு எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் யாராவது புதிதாக முடிவு செய்ய வேண்டும். மூலத்தில் இல்லாத தகவல் அது. மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்க நினைத்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் இட்டுக்கட்டத்தான் வேண்டும்.

மரியோ கார்ட்: முப்பது வருடப் பரிசோதனை

பழைய டிராக்குகளை ஒரு வழக்கமாகவே ஆக்கிய தொடர் இது. 2001-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த சூப்பர் சர்க்யூட்டில், முதல் கேமின் 20 டிராக்குகளும் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கருவியும் தட்டைப் படத்தைச் சுழற்றும் வகைதான் என்பதால் கொண்டுவருவது ஓரளவு சுலபம். உண்மையான தொடக்கம் 2005-இல் வந்த மரியோ கார்ட் டிஎஸ். அதில் 16 புது டிராக்குகளோடு, முந்தைய நான்கு கேம்களிலிருந்து தலா நான்கு என 16 பழைய டிராக்குகள் தனிக் கோப்பைப் போட்டிகளாக (கப்) வந்தன. பாதி புதுசு, பாதி பழசு என்ற அந்தக் கணக்கைத்தான் மரியோ கார்ட் வீ (Wii), 7, 8 என்று அடுத்த பாகங்களும் பின்பற்றின.

டிஎஸ், வீ காலத்தில் பழைய டிராக்குகள் பெரும்பாலும் அடக்கமாகவே வந்தன. 2011-இல் மரியோ கார்ட் 7 வந்ததும் நிலைமை மாறியது. வண்டி கிளைடர் என்னும் இறக்கையை விரித்துப் பறக்கவும், நீருக்கடியில் ஓடவும் கற்றுக்கொண்டது. இந்த இரண்டும் இல்லாத டிராக் அந்தக் கேமுக்குள் அரைகுறையாகத் தெரியும் என்பதால் பழைய பாதைகளிலும் பறக்கும் இடங்கள் முளைத்தன. 2014-இல் மரியோ கார்ட் 8, ஈர்ப்பு விசையையே மீறிச் சுவரில் ஓடும் வசதியைக் கொண்டுவந்தது. நின்டெண்டோ 64 காலத்து டோட்ஸ் டர்ன்பைக், லாரிகளும் கார்களும் நிறைந்த ஒரு நெடுஞ்சாலை, அவ்வளவுதான். 8-இல் அதன் இரு பக்கத்துச் சுவர்களும் ஓடக்கூடிய பாதைகளாகிவிட்டன. சாலையின் வளைவுகள் பழசு, தேர்ந்தெடுக்கும் வழிகள் புதுசு. நல்ல ரீமேக்குக்கு உதாரணம் கேட்டால் இதைத்தான் சொல்லலாம்: "வண்டி நெரிசலுக்குள் புகுந்து ஓடுவது" என்ற மூலக் கருத்து கெடவில்லை, கூடுதலாக ஒரு தப்பிக்கும் வழி கிடைத்திருக்கிறது.

அதே கேமில் வந்த நின்டெண்டோ 64-இன் ரெயின்போ ரோடு இதைவிடத் துணிச்சலான மாற்றம். 1996-இல் அது மிக நீளமான டிராக். மூன்று சுற்றும் ஒழுங்காக ஓட்டினால் ஆறு நிமிடம் பிடிக்கும். பார்க்க அழகு, ஓட்டக் கொஞ்சம் சலிப்பு. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை. 8-இல் மூன்று சுற்று என்பதையே எடுத்துவிட்டு, முழு டிராக்கையும் ஒரே ஒரு தடவை, மூன்று பகுதிகளாக ஓடும்படி வைத்தார்கள். பந்தயம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீளம்தான் அதன் அடையாளம் என்று நினைத்தவர்களுக்கு இது இழப்பு. அந்த நிறங்களும் ஏற்ற இறக்கமும்தான் அடையாளம் என்று நினைத்தவர்களுக்கு, அதுவரை வந்ததிலேயே சிறந்த வடிவம் இது.

எதெல்லாம் மாற்றத்தைக் கட்டாயமாக்குகிறது?

1. வேகம். வண்டி வேகமானால் அதே வளைவு கூர்மையாகிவிடும். மரியோ கார்ட் 8-இல் 2015-இல் 200 சிசி என்ற அதிவேகப் பிரிவு சேர்க்கப்பட்டபோது, அதுவரை பிரேக்கையே தொடாதவர்கள் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பாதையில் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை, ஆனால் டிராக்குகள் வேறாகிவிட்டன.

2. ஓட்டுநர் எண்ணிக்கை. சூப்பர் மரியோ கார்ட்டில் 8 பேர், வீ காலத்திலிருந்து 12 பேர், 2025 ஜூனில் வந்த மரியோ கார்ட் வேர்ல்டில் 24 பேர். எட்டுப் பேருக்குப் போட்ட பாதையில் 24 பேரை விட்டால் முதல் வளைவிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு எல்லை தாண்டிய உதாரணம் எஃப்-ஜீரோ 99. 1990-இல் வந்த எஃப்-ஜீரோ என்ற நின்டெண்டோ கேமின் டிராக்குகளைத் தோற்றத்தில் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, 2023-இல் இணையம் வழியாக 99 பேரை அதில் இறக்கினார்கள். தட்டையான புள்ளிப்படத் தரை, பழைய நிறங்கள், பழைய இசை. உற்றுப் பார்த்தால்தான் பாதை நன்றாக அகலமாகியிருப்பது தெரியும். அதோடு, ஓட்டத்தில் சேகரிக்கும் தீப்பொறிகளைக் கொண்டு கொஞ்ச நேரம் வானத்தில் தனிப்பாதையில் ஓடும் வசதியும் வந்தது. பின்னால் சிக்கிக்கொண்டவர்கள் நெரிசலைத் தாண்ட அதுதான் வழி. மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமே மாறாத கேம் இது. உள்ளே விளையாட்டே வேறு.

3. குறுக்குவழி. பழைய கேம்களில் சோதனைப் புள்ளிகள் தாராளமாக இருந்தன. மரியோ கார்ட் 64-இன் ரெயின்போ ரோட்டில், தொடக்கச் சரிவில் வேலியைத் தாண்டிக் குதித்தால் கீழே வெகுதூரத்தில் இருக்கும் பாதையில் போய் விழலாம். சுற்றின் பெரும்பகுதி மிச்சம். அது வடிவமைப்பாளர் வைத்த வழியல்ல, ஓட்டியவர்கள் கண்டுபிடித்த வழி. இணையப் போட்டி வந்த பிறகு இப்படிப்பட்ட ஓட்டையை விட்டுவைக்க முடியாது. புதிய வடிவங்களில் அவை அடைபடுகின்றன. சில டிராக்குகளில் பதிலுக்கு அனுமதி பெற்ற குறுக்குவழி ஒன்று கிடைக்கிறது. ரசிகர்கள் "ஏதோ குறைகிறது" என்று சொல்வதில் பாதி இந்த ஓட்டைகளைத்தான்.

4. பார்வை. பழைய திரைகளில் தூரத்து வளைவு புள்ளிக் குவியலாகத்தான் தெரியும். அதனால் டிராக்கை மனப்பாடம் செய்தாக வேண்டும். இன்று அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வளைவும் தெளிவாகத் தெரிகிறது. கடினம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

டிரையல் மவுண்டன் ஏன் இவ்வளவு வாக்குவாதம்?

பிளேஸ்டேஷன் கருவிக்கான கிரான் டூரிஸ்மோ (சுருக்கமாக ஜிடி) தொடரின் டிரையல் மவுண்டன் ஒரு கற்பனை டிராக். 1997-இல் வந்த முதல் பாகத்திலிருந்தே உண்டு. பிளேஸ்டேஷன் வைத்திருந்த ஒரு தலைமுறைக்கு அதன் சுரங்கப் பாதையும் பாறைச் சுவரும் மனப்பாடம். 2017-இல் வந்த ஜிடி ஸ்போர்ட்டில் அது இல்லை. 2022 மார்ச்சில் ஜிடி7-இல் திரும்பியது. முன்பு ஒரு சுற்று ஏறக்குறைய 4 கிலோமீட்டர். இப்போது 5 கிலோமீட்டருக்கு மேல். பின்பக்க நேர்பாதை நீண்டுவிட்டது, சாலை அகலமானது, கடைசிப் பகுதியின் தாளமும் மாறியது.

காரணம் ஊகிக்கக் கடினமில்லை. முதல் பாகத்தின் கார்களும் ஜிடி7-இன் பந்தயக் கார்களும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை அல்ல. இணையப் பந்தயத்தில் முந்துவதற்கு இடம் வேண்டும். நீண்ட நேர்பாதையும் அதன் முடிவில் ஒரு பிரேக்கிங் இடமும் அதற்கு வழக்கமான மருந்து. பந்தயத்துக்கு நல்லதுதான். தனியாக நேரத்தோடு போட்டி போடுபவருக்கோ, பழைய டிராக்கின் மூச்சுவிடாத ஓட்டம் நடுவில் அறுந்துபோகிறது. இங்கே நான் பழைய ரசிகர்கள் பக்கம். சாலையை அகலப்படுத்தியது தேவை, ஆனால் தாளத்தை மாற்றியது டிராக்கின் குணத்தையே தொட்டுவிட்டது. பழைய வடிவத்தையும் ஒரு மாற்றுப் பாதையாக உள்ளே வைத்திருந்தால் பிரச்சினையே இருந்திருக்காது.

அதே கேமில் 2023 பிப்ரவரியில் வந்த கிராண்ட் வேலி இன்னும் அதிகம் மாறியது. கலிஃபோர்னியாக் கடலோரத்துக்கே இடம் பெயர்ந்து, பெயரிலும் "ஹைவே 1" சேர்ந்துகொண்டது. ஆனால் அதற்கு எதிர்ப்பு குறைவு. பெயர் மாறியதால் எதிர்பார்ப்பும் மாறியது என்பது என் கணிப்பு.

மலிவாகச் செய்த திரும்புதல்

எல்லாத் திரும்புதலும் இவ்வளவு யோசித்துச் செய்தவை அல்ல. மரியோ கார்ட் 8 டீலக்ஸுக்கு 2022 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை ஆறு தவணைகளில் 48 டிராக்குகள் வந்தன. மொத்தம் 96 ஆனது. இவற்றில் பல, கைபேசிக்கான மரியோ கார்ட் டூரில் ஏற்கெனவே செய்யப்பட்டவை. கைபேசிக்கு எளிமையாக்கிய வடிவம் என்பதால், 2014-இல் கைவேலையாகச் செய்த டிராக்குகளுக்குப் பக்கத்தில் இவை வெறிச்சென்று தெரிந்தன. புல்வெளி என்பது ஒரே பச்சை நிறப் பூச்சு. வீ காலத்து கோகனட் மாலில் கடைசியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கார்கள் உண்டு. முதல் தவணையில் அவை நிறுத்தி வைத்த கார்களாகவே வந்தன. கேலி கிளம்பியது. பின்னால் வந்த ஒரு புதுப்பிப்பில் கார்கள் நகரத் தொடங்கின. போகப்போகத் தரமும் ஏறியது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி விலைதான். 48 டிராக்குகளையும் 2014-இன் தரத்தில் செய்திருந்தால் இந்த எண்ணிக்கையும் விலையும் சாத்தியமில்லை. ராலி பந்தய கேமான டர்ட் ராலி 2.0-விலும் இதே மாதிரி நடந்தது. முந்தைய டர்ட் ராலியில் இருந்த மான்டே கார்லோ, ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற இடங்கள் மெருகேறி, தனியாகக் காசு கொடுத்து வாங்கும் தொகுப்பாக வந்தன. முதல் கேமை வாங்கியவர் அதே சாலைக்கு இரண்டாவது தடவை பணம் கட்டுவதாக நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சாலையில் வண்டி ஓடும் விதம் பழைய கேமிலிருந்து மாறியிருக்கிறது என்பதும் உண்மை.

டிராக் வரைபடத்தில் ஓர் ஊராகும்போது

மரியோ கார்ட் வேர்ல்டில் இன்னொரு வகை மாற்றம். டிராக்குகள் தனித்தனியாக இல்லாமல் ஒரே பெரிய நிலப்பரப்பில் அமர்ந்திருக்கின்றன. சாக்கோ மவுண்டன், மூ மூ மெடோஸ், ஏர்ஷிப் ஃபோர்ட்ரெஸ் போன்ற பழைய டிராக்குகள் அந்த வரைபடத்தில் ஓர் இடமாகிவிட்டன; நாலா பக்கமும் சாலை வந்து சேர வேண்டும் என்பதால் உள்ளமைப்பும் மாறியாக வேண்டும். கோப்பைப் போட்டியில் முதல் பந்தயம் மட்டும் வழக்கம்போலச் சுற்றுகள். அதன்பின் ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குச் சாலையில் ஓட்டிப்போய், அங்கே ஒரு சுற்றோடு முடிகிறது. மூன்று சுற்று ஓடினால்தான் ஒரு டிராக் மனதில் பதியும். ஒரு சுற்றில் அது கடந்துபோகும் காட்சியாகிவிடுகிறது.

நிஜத் தடங்கள்: இங்கே மாற்றம் வெளியிலிருந்து வரும்

கற்பனை டிராக்கை எப்படி மாற்றுவது என்பது கேம் செய்பவர் கையில். நிஜத் தடம் அப்படியல்ல. 2021-இல் அபுதாபியின் யாஸ் மரீனா தடத்தைத் திருத்தி, சுற்றின் நீளத்தை 5.554 கிலோமீட்டரிலிருந்து 5.281-ஆகக் குறைத்தார்கள். அந்த வருட அதிகாரபூர்வ எஃப்1 கேம் ஜூலையிலேயே வந்துவிட்டதால் அதில் பழைய வடிவம்தான் இருந்தது. அடுத்த வருட எஃப்1 22-இல்தான் புதியது வந்தது. வளைவுகள் எடுக்கப்பட்ட மெல்போர்ன் தடமும் அதில் சேர்ந்தது.

வடிவம் மாறாத தடங்களும் திரும்பச் செய்யப்படுகின்றன. காரணம் லேசர் ஸ்கேன். தடம் முழுக்கக் கருவியைக் கொண்டுபோய், கோடிக்கணக்கான புள்ளிகளாக அளந்து, சாலையின் சின்ன மேடுபள்ளத்தையும் பதிவு செய்யும் முறை இது. முன்பு புகைப்படத்தையும் வரைபடத்தையும் பார்த்துக் கையால் வடித்த தடத்தில் இல்லாத குலுக்கல் இதில் தெரியும். எஃப்1 25-இல் பஹ்ரைன், மயாமி, மெல்போர்ன், சுசுகா, இமோலா ஆகிய ஐந்தும் இப்படிப் புதுப்பிக்கப்பட்டவை.

மறைந்துபோன வடிவங்களுக்கு லேசர் உதவாது. பெல்ஜியத்தின் ஸ்பா இன்று 7.004 கிலோமீட்டர், 1960-களில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர், பொதுச் சாலைகளில் ஓடியது. அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய கேமில் 1966-இன் மோன்ஸாவும் 1967-இன் சில்வர்ஸ்டோனும் இருக்கின்றன. இவற்றைப் பழைய புகைப்படம், படச்சுருள், நில அளவை வரைபடம் ஆகியவற்றிலிருந்து ஊகித்துத்தான் கட்ட முடியும். ஐரேசிங் என்ற இணையப் பந்தய கேம் வேறு வழி பிடித்தது: நிஜத் தடம் மாறி, புதிய ஸ்கேன் வந்த பிறகும், பழைய ஸ்கேன்கள் சிலவற்றை "லெகசி" என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. அந்தத் தார்ச்சாலை உலகத்தில் இனி இல்லை. அதன் துல்லியமான பதிவு ஒரு கேமுக்குள் மட்டும்தான்.

ஒரு தடவை இது தலைகீழாகவும் நடந்தது: கேம் முதலில், நிஜத் தடம் பிறகு. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள நார்த் வில்க்ஸ்பரோ தடத்தில் 1996-க்குப் பிறகு, அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதன்மைத் தொடர் ஓடவில்லை. புல் மண்டிக் கிடந்தது. 2019 கடைசியில் முன்னாள் நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தடத்தைச் சுத்தம் செய்தார்; ஐரேசிங் ஸ்கேன் செய்யும் அளவுக்குத் தடத்தைத் தயாராக்குவதுதான் நோக்கம். 2020 மே மாதம் தொலைக்காட்சியில் மெய்நிகர் பந்தயம் நடந்தது. அப்புறம் நிஜத் தடத்தையே புதுப்பித்து, 2023 மே மாதம் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் பந்தயத்தை அங்கே நடத்தினார்கள். புதுப்பித்ததில் பல காரணங்களும் பலர் பங்கும் உண்டு, ஆனால் வரிசையில் முதலில் வந்தது அந்த ஸ்கேன்.

உரிமம் என்னும் தடை

எந்த டிராக் திரும்பும், எது திரும்பாது என்பதைத் தொழில்நுட்பத்தைவிட உரிமம்தான் அதிகம் முடிவு செய்கிறது. ரெயின்போ ரோடு நின்டெண்டோவின் சொத்து, டிரையல் மவுண்டன் கிரான் டூரிஸ்மோவின் சொத்து. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நிஜத் தடத்துக்கு அதன் உரிமையாளரிடம் ஒப்பந்தம் வேண்டும், கார்களுக்கும் இசைக்கும் தனித்தனியாக. ஒப்பந்தக் காலம் முடிந்தால் முழுக் கேமே கடையிலிருந்து இறங்கும்: ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 7-இன் விற்பனை 2021 செப்டம்பரில் நின்றது, ஃபோர்ஸா ஹொரைசன் 4-இன் விற்பனை 2024 டிசம்பரில். வாங்கியவர்கள் தொடர்ந்து ஓட்டலாம், புதிதாக யாரும் வாங்க முடியாது. அதில் இருந்த ஒரு நிஜத் தடம் அடுத்த பாகத்தில் இல்லையென்றால், செய்பவர்கள் மறந்துவிட்டார்கள் என்று கோபப்படுவதற்கு முன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்ப்பது நல்லது.